நிறுவி யாரைக் கேட்க வேண்டும்?

இன்று பேச எடுத்துக்கொண்டிருக்கும் பொருள் கணினித் துறைக்குள்ளேயே அதிகம் பேசப்படாத ஒன்று. ஒரு மென்பொருளை நிறுவும்போது, அதாவது நாம் எல்லோரும் இன்ஸ்டால் செய்வது என்று சொல்லும் அந்த வேலையின் முதல் சில நொடிகளில், நிறுவி சுற்றுமுற்றும் பார்க்கிறது. இந்தக் கணினியில் தன் பழைய பதிப்பு இருக்கிறதா, தன்னோடு ஒத்துப்போகாத வேறொன்று இருக்கிறதா, தனக்குத் தேவையான துணை மென்பொருள் ஏற்கெனவே வந்துவிட்டதா என்று தேடுகிறது. தேடல் சரியாக அமைந்தால் யாரும் கவனிப்பதில்லை. பிசகினால் மூன்று விதமாக வெளிப்படும். ஒரே மென்பொருள் பட்டியலில் இரண்டு முறை நிற்கும். வேண்டாததை நீக்கப் போய் வேண்டியதும் சேர்ந்து நீங்கும். எல்லாம் ஒழுங்காக இருந்தும் 'நிறுவ இயலாது' என்று நிறுவி கைவிரிக்கும். இவற்றைத் தனித்தனிப் பிழைகளாகவே வழக்கமாகத் திருத்துகிறார்கள். இவற்றில் பெரும்பாலானவை ஒரே வேரிலிருந்து முளைப்பவை என்பது என் வாதம். புதிதாக வரும் நிறுவி, கிடைத்த தடயங்களை வைத்து உறவை ஊகிக்கிறது. அந்த வேலையை அதனிடம் கொடுத்திருக்கவே கூடாது. இன்ன மென்பொருளுக்கு இன்னது உறவு என்பதை அந்த மென்பொருள்களே, முதல் பதிப்பு வெளியாகும் நாளிலிருந்து, இயங்குதளத்தின் பதிவேட்டில் அறிவித்திருக்க வேண்டும். நிறுவி அதைப் படிப்பதோடு நிற்க வேண்டும்.

ஊகிப்பதில் என்ன கெட்டுப்போகிறது என்று கேட்கலாம். ஊகத்துக்குக் கிடைக்கும் தடயங்கள் எவை என்று பாருங்கள்: கோப்புறையின் பெயர், நிறுவப்பட்டவற்றின் பட்டியலில் தெரியும் பெயர், ஏதோ ஒரு கோப்பின் பதிப்பு எண். கோப்புறையைப் பயனர் மாற்றிவிடலாம். பட்டியலில் தெரியும் பெயர் மொழிக்கு மொழி மாறும், விற்பனைப் பிரிவின் விருப்பத்துக்கும் மாறும். பதிப்பு எண்தான் உறுதியானது என்று நினைப்பவர்கள் மைக்ரோசாஃப்ட்டின் டாட் நெட் ஃபிரேம்வொர்க் கதையைப் பார்க்க வேண்டும். 1.1, 2.0 ஆகிய பதிப்புகள் தனித்தனிக் கோப்புறைகளில் அக்கம்பக்கமாக இருந்தன. கோப்புறை இருந்தால் பதிப்பு இருக்கிறது என்று சொல்லிவிடலாம். 2012இல் வந்த 4.5, பழைய 4.0இன் இடத்திலேயே, அதே கோப்புறைக்குள் வந்து அமர்ந்துகொண்டது. அந்தக் கோப்புறையின் பெயரில் இன்றும் இருப்பது 4.0.30319 என்ற எண்தான்; உள்ளே இருப்பது 4.8ஆக இருந்தாலும் வெளியே அதே பெயர்ப்பலகை. கோப்புறையைப் பார்த்துப் பதிப்பைச் சொன்ன நிறுவிகளுக்கு அன்றோடு கண் போயிற்று. அதற்கு ஈடாக மைக்ரோசாஃப்ட் விண்டோஸின் ரெஜிஸ்ட்ரியில் ஓர் எண்ணை வைத்தது. 378389 அல்லது அதற்கு மேல் இருந்தால் 4.5 அல்லது அதற்குப் பிந்தையது இருக்கிறது என்று பொருள். 'அதற்கு மேல்' என்ற சொற்களில்தான் விஷயம் இருக்கிறது. 4.5.1 பதிப்புக்கு விண்டோஸ் 8.1இல் 378675 என்றும் மற்றவற்றில் 378758 என்றும் எண் வரும். ஒரே பதிப்புக்கு இரண்டு எண். சரியாக இந்த எண் இருக்கிறதா என்று சோதித்த நிரல், இருப்பதை இல்லை என்றது. அந்த எண்ணை எப்படிப் படிக்க வேண்டும் என்ற விதியும் அறிவிப்பில் ஒரு பகுதி. எண்ணை எடுத்துக்கொண்டு விதியை விட்டுவிட்டால் மறுபடியும் ஊகத்துக்கே திரும்புகிறோம்.

இயங்குதளத்தின் பதிப்பையே இப்படித் தப்பாகப் படித்த நிரல்களால் விண்டோஸ் பட்ட பாடு தனிக்கதை. விண்டோஸ் 7இன் உள் எண் 7 அல்ல, 6.1. முதல் எண்ணை மாற்றினால் பழைய நிரல்கள் பல ஓடாமல் போகும் என்பதால் அப்படி வைத்தார்கள். விண்டோஸ் 8.1 இன்னும் ஒரு படி மேலே போய், தன்னை அறிந்திருப்பதாக அறிவிக்காத நிரல் பதிப்பைக் கேட்டால், 6.2 என்று முந்தைய பதிப்பின் எண்ணையே சொல்கிறது. கேட்பவர் தவறாகப் பயன்படுத்துவார் என்று தெரிந்து, பதில் சொல்பவர் பொய் சொல்லக் கற்றுக்கொண்ட நிலை இது.

இதற்கு மாற்றாக ஒரு முழு வடிவமைப்பு ஏற்கெனவே இருக்கிறது. 1999இல் ஆஃபீஸ் 2000உடன் வெளிவந்த விண்டோஸ் இன்ஸ்டாலர் ஒவ்வொரு மென்பொருளுக்கும் இரண்டு அடையாளங்களைக் கேட்டது. ஒன்று புராடக்ட் கோட்: இந்தக் குறிப்பிட்ட வெளியீட்டின் அடையாளம், பெரிய மாற்றம் வந்தால் மாறும். மற்றொன்று அப்கிரேட் கோட்: இந்தப் பரம்பரையின் அடையாளம், பதிப்பு எத்தனை வந்தாலும் மாறாது. பெண் எடுக்கும் பேச்சு வரும்போது நம் ஊர்ப் பெரியவர்கள் பெயரையும் வீட்டையும் வைத்து உறவை முடிவுகட்டுவதில்லை. குலதெய்வம் எது என்று கேட்கிறார்கள். குலதெய்வம் ஒன்றென்றால் பங்காளி, பேச்சு அங்கேயே முடிந்தது. ஊர் மாறலாம், தொழில் மாறலாம், அந்தப் பதில் மாறாது. அப்கிரேட் கோட் செய்வது அந்த வேலைதான். புதிய நிறுவிக்குள் ஓர் அட்டவணை இருக்கும். இன்ன பரம்பரையில், இந்தப் பதிப்பு முதல் அந்தப் பதிப்பு வரை எதுவாவது இருந்தால், அதன் அடையாளத்தை இன்ன இடத்தில் எழுதி வை என்று அது சொல்லும். இயங்குதளம் தன் பதிவேட்டைப் பார்த்து விடை தரும். கோப்புறையைத் தேடும் வேலையே இல்லை.

இந்த வடிவமைப்பில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, தேடுவதும் நீக்குவதும் இரண்டு தனிச் செயல்களாகப் பிரிந்திருப்பது. கண்டுபிடி, ஆனால் தொடாதே என்றே ஒரு குறியீடு அந்த அட்டவணையில் உண்டு. புதிய பதிப்பு ஏற்கெனவே இருக்கும் கணினியில் பழைய பதிப்பை யாரோ நிறுவ முயன்றால், புதியதைக் கண்டுகொண்டு, ஒன்றையும் மாற்றாமல் மரியாதையாக விலகிக்கொள்ள இது உதவுகிறது. இந்தப் பிரிவினை ஏன் முக்கியம் என்பதற்கு எதிர்ச்சான்றும் விண்டோஸிலேயே இருக்கிறது. நிறுவப்பட்ட மென்பொருள்களைப் பட்டியலிட விண்டோஸின் நிர்வாக இடைமுகத்தில் வின்32 புராடக்ட் என்று ஒரு வழி உண்டு. பட்டியல்தானே கேட்கிறோம் என்று நிர்வாகிகள் பலர் அதைப் பயன்படுத்தினார்கள். ஆனால் அப்படிக் கேட்டவுடன் அது ஒவ்வொரு மென்பொருளின் நிறுவலையும் சரிபார்க்கத் தொடங்கும். எங்காவது குறை தெரிந்தால் பழுதுபார்க்கவும் இறங்கிவிடும். யார் யார் இருக்கிறீர்கள் என்று கேட்டதற்கு ஒவ்வொன்றும் எழுந்து தன்னைத் திருத்திக்கொள்ளத் தொடங்கினால், அடுத்த முறை யாரும் கேட்கத் துணியமாட்டார்கள்.

பரம்பரை அடையாளம் மட்டும் போதுமா என்றால், போதாது. உறவு ஒரே வகையானது என்று நினைப்பதுதான் அடுத்த தவறு. பழைய பதிப்பு என்பது ஓர் உறவு. ஒன்றின் இடத்தை மற்றொன்று பிடிப்பது வேறு உறவு. ஒன்று இல்லாமல் மற்றொன்று ஓடாது என்பது இன்னொன்று. இவற்றைக் கலந்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு மைக்ரோசாஃப்ட் விஷுவல் சி பிளஸ் பிளஸ் துணை நூலகங்களின் நிறுவி நல்ல சான்று. 2015 முதல் 2022 வரையிலான அந்த நூலகங்கள் ஒரே குடும்பம். புதியது இருந்தால் பழையதை நம்பிய நிரல்களும் ஓடும். ஆனால் 2017 பதிப்பு உள்ள கணினியில் 2015 பதிப்பின் நிறுவியை ஓட்டினால், இந்த மென்பொருளின் வேறொரு பதிப்பு ஏற்கெனவே நிறுவப்பட்டிருக்கிறது என்ற பொருளில் 1638 என்ற பிழை எண் வரும். அந்த நூலகத்தைத் தன் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு வரும் வெளி நிறுவி, பிழை எண் வந்ததால் தானும் தோற்றுவிட்டதாக எண்ணி எல்லாவற்றையும் கைவிடும். நூலகத்தின் நிறுவி சொன்னது உண்மை. வெளி நிறுவி கேட்டிருக்க வேண்டியது வேறு கேள்வி. 'உன்னை நிறுவ முடிந்ததா' என்று கேட்பதும் 'என் தேவை நிறைவேறியிருக்கிறதா' என்று கேட்பதும் ஒன்றாகிவிட்டதால், வேண்டியதைவிட நல்லது கையில் இருந்தும் நிறுவல் தோற்றது.

உறவுகளைப் பெயர் சொல்லிப் பிரிப்பதில் லினக்ஸ் உலகின் டெபியன் அனைவருக்கும் முன்னோடி. அங்கே ஒவ்வொரு மென்பொருள் பொதியும் தன் தலைப்பிலேயே, நான் எதைச் சார்ந்தவன், எதோடு சேர்ந்து இருக்க மாட்டேன், யாருடைய கோப்புகளை எடுத்துக்கொள்வேன், எந்தப் பணியைச் செய்து தருவேன் என்று தனித்தனி வரிகளில் சொல்லிவிடுகிறது. எக்ஸிம், போஸ்ட்ஃபிக்ஸ் ஆகிய இரண்டும் மின்னஞ்சலைக் கொண்டு சேர்க்கும் மென்பொருள்கள். ஒன்றுக்கொன்று பழைய பதிப்பும் இல்லை, உடன்பிறப்பும் இல்லை. இரண்டும் அஞ்சல் கொண்டுசேர்க்கும் பணியைத் தருவதாக அறிவிக்கின்றன. அதே பணியை அறிவிக்கும் வேறொன்றோடு சேர்ந்து இருக்க மாட்டோம் என்றும் அறிவிக்கின்றன. அஞ்சல் வசதி தேவைப்படும் மூன்றாவது பொதி, இரண்டின் பெயரையும் தெரிந்துகொள்ளாமல் அந்தப் பணியைக் கேட்டால் போதும். நாளை நான்காவதாக ஒன்று எழுதப்பட்டாலும், எழுதுபவர் அதே வரியைச் சேர்த்தால் பழைய பொதிகளில் ஓர் எழுத்தையும் மாற்ற வேண்டியதில்லை.

இங்கே ஒரு மறுப்பு எழும். டெபியனில் எல்லாப் பொதிகளும் ஒரே களஞ்சியத்தில், ஒரே கொள்கை ஏட்டின் கீழ் இருக்கின்றன. பெயர்களை ஒழுங்குபடுத்த ஆட்கள் இருக்கிறார்கள். ஆயிரம் நிறுவனங்கள் தத்தம் போக்கில் வெளியிடும் இடத்தில் இது நடக்குமா? நியாயமான கேள்வி. அஞ்சல் போன்ற பணிகளின் பெயர்களைப் பொறுத்தவரை, பொது ஏற்பாடு இல்லாமல் நடக்காது என்றே நானும் சொல்வேன். ஆனால் பரம்பரை அடையாளத்துக்கு அது தேவைப்படவில்லை. யாரையும் கேட்காமல் உருவாக்கினாலும் வேறொன்றோடு மோதாத 128 பிட் எண்ணை விண்டோஸ் பயன்படுத்துவது இதற்காகத்தான். முதல் நாளில் ஓர் எண்ணை உருவாக்கி, அதைத் தொலைக்காமல் வைத்திருப்பது மட்டுமே தேவை. இதையே செய்யத் தவறுபவர்கள் இருக்கிறார்கள் என்பது முறையின் குற்றமாகாது.

இன்னொரு மறுப்பு கொஞ்சம் ஆழமானது. எதிர்காலத்தை முன்கூட்டி யாரால் அறிவிக்க முடியும்? மென்பொருள் பெயர் மாறும், கைமாறும், இரண்டாகப் பிரியும். 2006இல் மோசில்லாவின் வணிகச் சின்ன விதிகளோடு ஒத்துப்போக முடியாமல் டெபியன் ஃபயர்ஃபாக்ஸை ஐஸ்வீசல் என்ற பெயரில் வெளியிடத் தொடங்கியது. பத்து ஆண்டுகள் கழித்து, 2016இல், பழைய பெயர் திரும்பியது. பெயரை வைத்து ஊகிக்கும் நிறுவிக்கு ஃபயர்ஃபாக்ஸும் ஐஸ்வீசலும் வெவ்வேறு குலம். டெபியனிலோ ஐஸ்வீசல் என்ற பெயரில் ஒரு வெற்றுப் பொதியை விட்டு, அது புதிய பெயருள்ள பொதியைச் சார்ந்திருப்பதாக அறிவித்தார்கள். வழக்கமான புதுப்பிப்பிலேயே பயனர்கள் புதிய பெயருக்கு வந்து சேர்ந்தார்கள். எதிர்காலத்தை யாரும் அறிவிக்க வேண்டியிருக்கவில்லை. மாற்றம் நடக்கும் நாளில், மாறுகிறவர் பழைய அடையாளத்தைச் சுட்டி ஒரு வரி எழுதினால் போதும். அதற்குப் பழைய அடையாளம் என்று ஒன்று இருந்திருக்க வேண்டும் என்பதே நிபந்தனை.

பதிவேடு பொய்த்துப்போகும் என்பது இன்னும் வலுவான மறுப்பு. கோப்புறையைக் கையால் அழித்தவர் கணினியில், இல்லாத மென்பொருளை இருப்பதாகப் பதிவேடு சொல்லும். சுருக்கக் கோப்பை விரித்து நேரடியாக ஓட்டுபவர் கணினியில், இருப்பது பதிவேட்டில் இராது. விண்டோஸ் கோப்புறைக்குள் இருக்கும் இன்ஸ்டாலர் என்ற மறைவான இடத்தை, வட்டில் இடம் வேண்டி அழித்தவர்களுக்கு வருவது இன்னும் சிக்கல்: பழைய பதிப்பு இருப்பது தெரியும், அதை நீக்கத் தேவையான மூலப் பொதி இராது. பழைய பதிப்பை நீக்க முடியவில்லை என்று 1714 என்ற பிழையோடு நிறுவி நின்றுவிடும். இவை உண்மை. ஆனாலும் இதிலிருந்து கோப்புகளைத் தேடுவதே மேல் என்ற முடிவுக்குப் போக முடியாது. 1714 வந்த இடத்தில் கண்டறிதல் தவறவில்லை. நீக்கும் திறன்தான் போய்விட்டது. கோப்புகளைத் தேடியிருந்தாலும் அந்தத் திறன் திரும்பி வராது. பதிவேட்டில் இல்லாத நகல்களைப் பொறுத்தவரை, கோப்புத் தேடலுக்கு இடம் கொடுக்கலாம். அதில் கிடைப்பதைப் பயனருக்குச் சொல்லலாம், அவரைக் கேட்கலாம். அதை நம்பி எதையும் நீக்கக் கூடாது. அறிவிக்கப்பட்ட உறவுக்கும் ஊகித்த உறவுக்கும் நிறுவி தரும் அதிகாரம் ஒரே அளவாக இருக்க முடியாது.

இந்த இடத்தில் சற்று நின்று, 'இல்லை' என்ற விடையைப் பற்றிப் பேச வேண்டும். கண்டறியும் நிரல்கள் பெரும்பாலும் உண்டு, இல்லை என்ற இரண்டே விடைகளைத் தருகின்றன. விண்டோஸில் ஒரு மென்பொருளைக் கணினிக்கு மொத்தமாகவும் நிறுவலாம், ஒரு பயனருக்கு மட்டுமாகவும் நிறுவலாம். மொத்தமாக நிறுவ வந்த நிறுவி, ஒரு பயனருக்காக முன்பு நிறுவப்பட்ட பழைய பதிப்பைக் காணாது. தேடல் தன் வகைக்குள்ளேயே நடக்கும். 32 பிட் நிறுவி 64 பிட் விண்டோஸில் ரெஜிஸ்ட்ரியைப் பார்க்கும்போது, இயங்குதளம் அதை அதற்கென ஒதுக்கிய தனிப் பகுதிக்குத் திருப்பி அனுப்பிவிடுகிறது. 64 பிட் மென்பொருள் பக்கத்திலேயே இருக்கும், அதன் கண்ணில் படாது. பதிப்பு எண்ணின் நான்காவது பகுதியை விண்டோஸ் இன்ஸ்டாலர் ஒப்பிடும்போது பார்ப்பதே இல்லை, 1.0.0.1உம் 1.0.0.2உம் அதற்கு ஒன்று. நான்காம் எண்ணை மட்டும் கூட்டி வெளியிடும் குழுவின் பயனர்களுடைய பட்டியலில் ஒரே பெயர் இரண்டு முறை தோன்றக் காரணம் இதுதான். இத்தனையிலும் நிறுவி 'இல்லை' என்கிறது. சரியான விடை 'நான் பார்த்த இடத்தில் இல்லை'. எங்கெங்கே பார்த்தோம், எங்கே பார்க்க முடியவில்லை என்பதை நிறுவி தன் குறிப்பேட்டில் எழுதினாலே, உதவி மையங்களில் வீணாகும் நேரத்தில் பெரும்பகுதி மிஞ்சும் என்று நினைக்கிறேன்.

இனி இந்த விவாதமே தேவையில்லை என்பவர்கள். ஃபிளாட்பேக், ஸ்னாப் போன்ற முறைகளில் ஒவ்வொரு செயலியும் தனக்கு வேண்டியதைத் தானே சுமந்துவருகிறது; தனித்தனி அறை என்றால் உறவு எதற்கு? நூலகங்களைப் பொறுத்தவரை இந்த வாதம் பெருமளவு செல்லும். ஆனால் செயலிகள் பங்கிடுவது நூலகங்களை மட்டுமா? பயனரின் தரவு பல இடங்களில் பொதுவாகவே கிடக்கிறது. ஃபயர்ஃபாக்ஸின் பல பதிப்புகள் ஒரே கணினியில் இருக்கும்போது, 2019 மே மாதம் வந்த 67ஆம் பதிப்புக்கு முன்புவரை, அவை வழக்கமாக ஒரே பயனர் சுயவிவரத்தைப் பகிர்ந்துகொண்டன. புதிய பதிப்பு எழுதிய தரவைப் பழைய பதிப்பு திறந்து குழப்பும் ஆபத்து இருந்தது. 67 முதல் ஒவ்வொரு நிறுவலுக்கும் தனிச் சுயவிவரம். புதிய பதிப்பு பயன்படுத்திய சுயவிவரத்தைப் பழைய பதிப்பு திறக்க வந்தால் தடை. இந்தத் தடை எப்படி வேலை செய்கிறது? கடைசியாக என்னைத் தொட்டது இன்ன பதிப்பு என்று சுயவிவரமே தனக்குள் எழுதி வைத்திருக்கிறது. செயலிகளைப் பிரித்துவிட்டாலும், உறவை அறிவிக்கும் பொறுப்பு தரவின் தலையில் ஏறுகிறது, காணாமல் போவதில்லை.

அறிவிப்பை நம்பலாமா என்ற கேள்வி மீதமிருக்கிறது. விண்டோஸ் இன்ஸ்டாலரில் அப்கிரேட் கோட் ஓர் எண் மட்டுமே. அதை யார் வேண்டுமானாலும் தன் பொதியில் எழுதலாம். மாதிரித் திட்டமொன்றிலிருந்து எண்ணை அப்படியே நகலெடுத்த இருவரின் மென்பொருள்கள், ஒன்றையொன்று பழைய பதிப்பு என்று கருதி நீக்கிக்கொள்ள இது போதும். கெட்ட எண்ணமே வேண்டாம், கவனக்குறைவு போதும். ஆண்ட்ராய்டு இதைத் தொடக்கத்திலேயே வேறுவிதமாகத் தீர்த்தது. பொதியின் பெயர் ஒன்றாக இருந்தால் மட்டும் அது பழையதன் புதிய பதிப்பு ஆகிவிடாது. அதே சாவியால் கையொப்பமிடப்பட்டிருக்கவும் வேண்டும். இல்லையென்றால் நிறுவல் நிராகரிக்கப்படும். சாவி தொலைந்தாலோ மாற்ற வேண்டியிருந்தாலோ என்ன செய்வது என்ற சிக்கல் பல ஆண்டுகள் நீடித்தது. மாற்றுவதற்கு ஒரு வழி 2018இல் ஆண்ட்ராய்டு 9உடன் வந்தது: பழைய சாவி புதிய சாவிக்குச் சான்றளிக்கும் சங்கிலியைப் பொதிக்குள்ளேயே வைக்கலாம். ஆனால் சான்றளிக்கப் பழைய சாவி கையில் இருக்க வேண்டும். தொலைத்தவருக்கு அந்த வழியும் இல்லை.

இறுதியாக, அடுத்தவரைப் பற்றிக் கேட்க ஒரு நிறுவிக்கோ செயலிக்கோ எவ்வளவு உரிமை உண்டு என்பது. ஒருவர் கைபேசியில் இருக்கும் செயலிகளின் பட்டியல் அவருடைய மதம், உடல்நிலை, கடன், காதல் எல்லாவற்றையும் காட்டிக்கொடுக்கும். 2015இல் வந்த ஐஓஎஸ் 9, வேறு செயலி இருக்கிறதா என்று கேட்க விரும்பும் செயலி எவற்றைப் பற்றிக் கேட்கும் என்பதை முன்கூட்டியே தன் அமைப்புக் கோப்பில் எழுத வேண்டும் என்றது. 2020இல் ஆண்ட்ராய்டு 11 அதே பாதையில் நடந்தது. பட்டியல் முழுவதையும் பார்ப்பதற்குத் தனி அனுமதி வேண்டும். மற்றவர்கள் தாங்கள் யாரைத் தேடுவோம் என்று பெயர் குறிப்பிட வேண்டும். குறிப்பிடாதது இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. இதனால் வேலை கெடுகிறது என்று செயலி எழுதுபவர்கள் குறைபட்டுக்கொண்டதில் கொஞ்சம் நியாயம் உண்டு. ஆனால் இந்தக் கட்டுப்பாட்டால் பெரிதும் அடிபட்டது, எல்லாவற்றையும் புரட்டிப் பார்த்து ஊகிக்கும் முறைதான். தன் உறவினர் யார் என்று அறிந்திருந்த செயலிக்கு அமைப்புக் கோப்பில் சில வரிகள் கூடின, அவ்வளவே. மேசைக் கணினியில் இப்படியொரு வரம்பு இன்னும் வரவில்லை; அங்கே ஒரு நிறுவி நிர்வாகி உரிமையோடு உள்ளே வந்தால் எதை வேண்டுமானாலும் புரட்டலாம். தன் அப்கிரேட் கோட் அட்டவணையில் எழுதியிருப்பவற்றை மட்டும் பார்க்கும் நிறுவிக்கு, அந்த வரம்பு நாளையே வந்தாலும் மாற்றி எழுத ஒன்றும் இராது.